கயிறு யார் கையில்?

வறுமையைப் போக்க ஆடு வரும், கடன் வரும், தையல் இயந்திரம் வரும். எது வந்தாலும் முதல் சோதனை ‘யாருக்கு?’ என்ற கேள்விதான். இரண்டாவது சோதனை, ‘கொடுப்பதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தோம்?’ செஞ்சி ஆட்டுச் சந்தையிலிருந்து தொடங்கி இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுகிறது இந்தக் கட்டுரை.

வெள்ளிக்கிழமை. கோழி கூவுவதற்கு முன்பே செஞ்சி வாரச்சந்தை விழித்துவிடுகிறது. கோட்டை மலையான ராஜகிரி இன்னும் இருட்டில் கரிய நிழலாக நிற்கும் அந்த நேரத்தில், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து குட்டியானை வண்டிகளிலும், பைக்கின் பின்னிருக்கையிலும், நடையாகவும் ஆடுகள் வந்து சேருகின்றன. வெளியூர் வியாபாரிகள் டார்ச் விளக்கோடு காத்திருக்கிறார்கள். மலையில் மேய்ந்தது என்று செஞ்சி ஆட்டுக்கு ஒரு பேர் உண்டு. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் இங்கே ஒரே காலையில் கோடிக்கணக்கில் பணம் கைமாறுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது.

ஒரு வியாபாரி ஆடு பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்ப்பார். பால்பல் விழுந்து இரண்டு பல் முளைத்திருந்தால் ஒரு வயதைத் தாண்டியது. நான்கு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டியது. அடுத்து முதுகுத்தண்டின் மேல் கையை ஓட்டிச் சதைப்பிடிப்பைப் பார்ப்பார். வாலைத் தூக்கிக் கழிச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார். பெட்டை ஆடு என்றால் மடியைத் தொட்டுப் பார்ப்பார். கடைசியாகக் கயிற்றைப் பிடித்துப் பத்தடி நடக்க விடுவார், நொண்டுகிறதா என்று. இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் அவருடைய இருபது வருட அனுபவம் இருக்கிறது.

இதே ஆடு ஓர் அரசுத் திட்டத்திலோ தொண்டு நிறுவனத்தின் உதவியிலோ ஏழைப் பெண் ஒருவருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுக்க நாம் எவ்வளவு நேரம் செலவிடுகிறோம்? குடும்ப அட்டை நகல், ஆதார் நகல், நிலமில்லை என்றொரு சான்று, இரண்டு புகைப்படம். அவருக்கு ஆடு வளர்க்க விருப்பமா, மேய்க்க இடம் இருக்கிறதா, குட்டி பெரிதாகி விற்கும்வரை அடுப்பு எப்படி எரியும் என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை. ஆட்டுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை ஆளிடம் காட்டினாலே இந்தத் திட்டங்கள் பலவற்றின் தலையெழுத்து மாறியிருக்கும் என்பது என் நம்பிக்கை.

நூறு பேர், அறுபது ஊராட்சி

தமிழ்நாட்டுக்கு இந்த வேலை புதிதல்ல. 1978-79இல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம், மானியமும் கடனும் சேர்த்து மாடும் ஆடும் பெட்டிக்கடையும் கொடுத்தது. கிராமத்து இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி தரும் ‘டிரைசெம்’ 1979இல் வந்தது. 1999 ஏப்ரல் 1 முதல் இவையெல்லாம் ஒரே திட்டமாக இணைக்கப்பட்டன. 2011இல் அதன் இடத்துக்குத் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. செஞ்சி அன்று இருந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்கு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நடந்த மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1991-92லேயே வந்துவிட்டது. பிறகு மகளிர் திட்டம், பிறகு 2005இல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டம். பெயர்ப்பலகைகள் மாறின. ‘யாருக்கு?’ என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

ஆட்டையே எடுத்துக்கொள்வோம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தின் இலக்கு, ஐந்தாண்டுகளில் 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடுகள். பயனாளியே சந்தைக்குப் போய்த் தனக்குப் பிடித்த ஆட்டைத் தேர்ந்து வாங்கலாம் என்பது அதன் நல்ல அம்சம். 2021-22இல் வேறொரு திட்டம் வந்தது. கணவரை இழந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற 38,800 பெண்களுக்குத் தலா 5 ஆடுகள், ஒதுக்கீடு 75.63 கோடி ரூபாய். மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருப்பதால் ஒன்றியத்துக்கு 100 பெண்கள் என்பது கணக்கு.

இந்தக் கணக்கைச் செஞ்சி ஒன்றியத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். இங்கே 60 ஊராட்சிகள். நூறை அறுபதால் வகுத்தால் ஓர் ஊராட்சிக்கு இரண்டு பேர்கூட வரவில்லை. ஓர் ஊராட்சி என்பது பெரும்பாலும் ஒற்றை ஊர் இல்லை; ஊர்த்தெரு, காலனி, ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பு, அதற்கப்பால் இரண்டு மூன்று குக்கிராமங்கள் என்று விரிந்து கிடப்பது. கணவரை இழந்த நிலமில்லாத பெண்கள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்களில் ஒருவரையோ இருவரையோ எடுக்க வேண்டும். எடுக்கிறவர் ஊராட்சித் தலைவருக்குத் தெரிந்தவரையோ, அலுவலகத்துக்கு அலைய ஆள் உள்ளவரையோ, முதலில் கண்ணில் பட்டவரையோ எடுத்தால் அது அவருடைய கெட்ட எண்ணம் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. இல்லாதவர்களுக்குள்ளேயே யார் அதிகம் இல்லாதவர் என்று நிறுத்துப் பார்க்கும் தராசை அவர் கையில் நாம் கொடுக்கவில்லை.

கோலமாவில் வரைந்த ஊர்

அப்படியொரு தராசு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. புது வாழ்வுத் திட்டம் ஊர் ஊராக நடத்திய ‘மக்கள் நிலை ஆய்வு’தான் அது.

ஊர்ப் பொது இடத்தில் தரையைப் பெருக்கி, கோலமாவாலும் வண்ணப்பொடியாலும் ஊரை வரைவார்கள். தெரு, கோயில், பள்ளி, கிணறு, ஒவ்வொரு வீடு. வரைகிறவர்கள் அந்த ஊர்ப் பெண்களே. பிறகு ஒவ்வொரு வீடாகப் பேச்சு வரும். மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று நான்கு அடுக்கு. ‘மிகவும் ஏழை என்றால் யார்?’ என்பதற்கும் ஊரே இலக்கணம் சொல்ல வேண்டும். அதிகாரியின் படிவம் கூரையா ஓடா என்று கேட்கும். ஊர்ப் பெண்கள் வேறு அடையாளம் சொல்வார்கள்: மழை நாளில் அடுப்பு மூட்டாத வீடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் கூடவே வேலைக்குக் கூட்டிப்போகும் வீடு, நல்லது கெட்டதுக்குக் கூப்பிட ஆளில்லாத வீடு. அந்தப் பட்டியலைக் கிராம சபையில் எல்லார் முன்னிலையிலும் படித்து ஒப்புதல் வாங்குவார்கள்.

இந்த முறையின் பலம் அதன் வெளிப்படைத்தன்மை. இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம் உள்ளவர் தன்னை ஏழை என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். தரையில் வரைந்த தன் வீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிர்வீட்டு அக்காவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது கடினம்.

வங்கதேசத்தின் ‘பிராக்’ நிறுவனம் 2002இல் தொடங்கிய பரம ஏழைகளுக்கான திட்டமும் இதே முறையில்தான் தேர்வைத் தொடங்குகிறது. ஆனால் அத்தோடு நிறுத்துவதில்லை. ஊர் சொன்ன பட்டியலை எடுத்துக்கொண்டு பணியாளர் வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பார். சம்பாதிக்கும் ஆண் இல்லாத வீடா, வீட்டு வேலையையோ பிச்சையையோ நம்பிய வீடா, பள்ளி வயதுப் பிள்ளை வேலைக்குப் போகிறதா என்று பார்ப்பார். அந்த வீட்டில் உழைக்கும் தெம்புள்ள பெண் ஒருவர் இருக்கிறாரா என்பதையும் பார்ப்பார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆட்டைக் கொடுத்துப் பயனில்லை. அவருக்கு வேண்டியது ஓய்வூதியம். கடைசியாக மூத்த அதிகாரி ஒருவர் அதே வீட்டுக்கு மறுபடியும் போவார். ஒரு குடும்பத்தை இப்படி மூன்று முறை பார்த்த பிறகுதான் பெயர் உறுதியாகிறது.

ஊரில் இல்லாத நாளில் கூட்டம்

ஆனாலும் கோல வரைபடத்தில் விழாத வீடுகள் உண்டு. செஞ்சி வட்டாரத்தில் அவற்றில் பல இருளர் வீடுகள்.

இந்திய அரசு தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ள பழங்குடிகளாக அறிவித்த ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று. விழுப்புரம் மாவட்ட இருளர் குடும்பங்கள் பல, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மரம் வெட்டிக் கரி சுடுவதற்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுகின்றன. அந்த முன்பணமே கொத்தடிமைக் கயிறாக மாறுவதைத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக எடுத்துச்சொல்லி வருகிறார்கள்.

இப்போது கிராம சபை நாட்களைப் பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சூளை எரிவது பெரும்பாலும் தை பிறந்ததிலிருந்து ஆனி வரை. அதாவது ஆண்டின் முதல் மூன்று கிராம சபைகளும், எந்தக் குடும்பத்துக்காகத் திட்டம் வந்ததோ அந்தக் குடும்பம் ஊரில் இல்லாத மாதங்களில் நடக்கின்றன. பட்டியல் படிக்கும்போது பெயர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்க ஆளும் இல்லை. அந்த வீட்டுப் பெண் ஊர் திரும்பும்போது ஆடுகள் வேறு வீட்டுக் கொட்டகையில் கட்டிக் கிடக்கின்றன. யாரும் திட்டமிட்டு அவரை ஒதுக்கவில்லை. நாள்காட்டியே ஒதுக்கிவிட்டது.

அப்படியே ஊரில் இருந்தாலும் சாதிச் சான்று இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, குழுவில் பெயர் இல்லை. சுய உதவிக் குழு என்பதும் ஒருவகைத் தேர்வுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். குழு வாங்கும் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. மாதச் சேமிப்பை ஒழுங்காகக் கட்ட முடியாதவரைச் சேர்த்தால் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் பெண்கள் தங்களுக்கு இணையானவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். எல்லாரிலும் ஏழையானவர் மெல்ல வெளியே நின்றுவிடுகிறார். ‘எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, நீங்க பாத்துக்கங்க’ என்று அவரே ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. அந்தச் சொல்லை விருப்பமின்மை என்று எழுதிக்கொள்கிறவர் தவறு செய்கிறார். பல முறை கேட்டுக் கிடைக்காமல் போனவரின் மொழி அது.

ஆகவே தேர்வின் முதல் விதி: வந்தவர்களில் பொறுக்குவதற்கு முன், வராதவர்களை எண்ணு. கூட்டத்தை ஏரிக்கரைக் குடியிருப்பில் வை. மாலை ஆறு மணிக்கு மேல் வை. ஆடி முதல் மார்கழிக்குள் வை.

வளையம் எறியும் விளையாட்டு

தேவையை வைத்துத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. முனைப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில் நடப்பவை வங்கிகளின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள். கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய நிலையம் இவற்றுக்கு முன்னோடி. விழுப்புரத்தில் இந்தியன் வங்கியின் நிலையம் இருக்கிறது. பயிற்சி இலவசம், சாப்பாடு தங்குமிடம் இலவசம், முடித்தபின் இரண்டாண்டு பின்தொடர்தல்.

அங்கே ஒரு விளையாட்டு உண்டு. தரையில் ஒரு முளை, கையில் சில வளையங்கள். எங்கே நின்று எறிவது என்பதை எறிகிறவரே முடிவு செய்யலாம். சிலர் முளைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். சிலர் வெகுதூரம் போய் அதிர்ஷ்டத்தை நம்புவார்கள். கொஞ்சம் கடினம், ஆனால் முயன்றால் முடியும் என்ற தூரத்தில் நிற்பவர் தொழில் முனைப்பு உள்ளவர் என்பது பாடம். ஹார்வர்டு உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெலண்டின் ஆய்விலிருந்து வந்த விளையாட்டு இது. 1960களின் நடுவில் அவர் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, பயிற்சி பெறாத ராஜமுந்திரி வியாபாரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் தொழிலில் கூடுதல் சுறுசுறுப்புக் காட்டினார்கள். முனைப்பு பிறவிக் குணம் மட்டுமல்ல, கற்றுக்கொடுக்கவும் முடியும் என்று அந்த ஆய்வு சொன்னது. இன்று நாடெங்கும் நடக்கும் தொழில்முனைவோர் பயிற்சிகளின் வேர்களில் ஒன்று அது.

ஆனால் இந்த வளையத்தை ஏழைப் பெண் கையில் கொடுக்கும்போது கவனம் வேண்டும். அவர் முளைக்குப் பக்கத்தில் நின்றால் முனைப்பில்லாதவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வளையம் தவறினால் விளையாட்டில் ஒன்றும் இழப்பில்லை. அவர் வாழ்க்கையில் ஒரு முயற்சி தவறினால் அன்றிரவு பிள்ளைகள் பட்டினி. அப்படி வாழ்ந்து பழகிய உடம்பு கிட்டத்தில்தான் நிற்கும். இரண்டு மாத அரிசி வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அதே பெண் ஓரடி பின்னால் போய் நின்று எறிவார். முனைப்பை அளப்பதற்கு முன் பயத்தைக் குறைக்க வேண்டும்.

குட்டி விற்கும்வரை கஞ்சிக்கு?

செஞ்சிக் கோட்டையை 1690இலிருந்து 1698 வரை முகலாயப் படை வளைத்துக்கொண்டு கிடந்தது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டைக்குள் இன்றும் நிற்கும் பெரிய நெற்களஞ்சியங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் உண்மை புரியும்: முற்றுகையைத் தாங்க மதில் மட்டும் போதாது, உள்ளே நெல் இருக்க வேண்டும்.

ஆடு வாங்கிய பெண்ணும் ஒரு முற்றுகைக்குள்தான் இருக்கிறார். வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி பிறந்து விற்கும் எடைக்கு வர இன்னும் ஏழெட்டு மாதம். ஆக, ஆடு கொட்டகைக்கு வந்து முதல் ரூபாய் கையில் விழ ஏறக்குறைய ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் மேய்ச்சலுக்குப் போகும் நாளெல்லாம் கூலி போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், பள்ளி திறந்தால், சாவு விழுந்தால் கையில் இருக்கும் ஒரே சொத்து அந்த ஆடுதான். அது சந்தைக்குப் போய்விடும். ‘ஆட்டைக் கொடுத்தோம், வித்துச் சாப்ட்டுட்டாங்க’ என்று பிறகு குறை சொல்கிறோம்.

இந்த இடத்தில்தான் உலக அனுபவம் நமக்குக் கைகொடுக்கிறது. பிராக் முறையில் பங்கேற்பாளருக்குச் சொத்தோடு சேர்த்துச் சிலகாலம் சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு உதவித்தொகை, தொழில் பயிற்சி, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள், சேமிப்புப் பழக்கம் எல்லாம் உண்டு. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இந்த முறை சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2015இல் வெளிவந்தன. உதவி நின்று ஓராண்டு கழிந்த பிறகும் உணவும் வருமானமும் சொத்தும் கூடியே இருந்தன. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாதில் பந்தன் நிறுவனம் நடத்திய திட்டத்தை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் மறையவில்லை.

மறுபக்கமும் உண்டு. இன்றைய தெலங்கானாவின் மேதக் மாவட்டத்தில் ஏறக்குறைய இதே முறை சோதிக்கப்பட்டபோது நிகரப் பலன் தெரியவில்லை. திட்டத்தில் சேராதவர்களின் கூலி வருமானமும் அதே காலத்தில் கூடிவிட்டது. கால்நடையைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்தக் கூலியை விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஊரில் கூலி நன்றாகக் கிடைக்கும் காலத்தில் ஒரு பெண்ணின் நாளை மேய்ச்சலுக்கு எடுத்துக்கொண்டால், அந்த நாளின் கூலியைவிட ஆடு கூடுதலாகத் தர வேண்டும். இந்தக் கணக்கைப் பேசாமல் யாருக்கும் ஆடு கொடுக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மற்ற இடங்களில் தனியாகப் பணம் ஒதுக்கிக் கட்ட வேண்டிய களஞ்சியத்தின் ஒரு பங்கு இங்கே ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. நமக்குக் குறைவது, வாரம் ஒருமுறை கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்க்கும் மனிதர். மிகவும் ஏழ்மையில் உள்ள 5 லட்சம் குடும்பங்களைக் கண்டறிந்து கைதூக்கிவிடுவோம் என்று தமிழக அரசு 2024 நிதிநிலை அறிக்கையில் தாயுமானவர் திட்டத்தின் பெயரில் அறிவித்தது. அண்டை மாநிலமான கேரளம் 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திட்டம் வகுத்து, 2025 நவம்பர் 1 அன்று அதிதீவிர வறுமையிலிருந்து விடுபட்டதாக அறிவித்துக்கொண்டது. குடும்பத்துக்கு ஒரு திட்டம் என்பதே அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். ஊருக்கு ஒரே மருந்து எழுதும் வைத்தியம் இனி வேண்டாம்.

ஆட்டின் நாள்காட்டி

அடுத்தது பயிற்சி. ஒரு மண்டபம், ஒலிபெருக்கி, திரையில் படங்கள், மதியம் சாப்பாட்டுப் பொட்டலம், கடைசியில் சான்றிதழ். இதைப் பயிற்சி என்று கணக்கெழுதும் பழக்கத்தை விட வேண்டும்.

செஞ்சிப் பெண்ணுக்கு ஆடு வளர்ப்பில் உண்மையான பயிற்சி ஒரு வருடத்துக்கானது. ஏனென்றால் ஆட்டின் நாள்காட்டி ஒரு வருடத்தது. கோடை முடிந்து முதல் மழை பெய்து இளம்புல் தளிர்க்கும்போது துள்ளுமாரி நோய் வரும். அதற்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தனியாக ஊசி. குடற்புழு நீக்கம் எப்போது, எவ்வளவு மருந்து. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரத்தரையில் படுத்தால் குட்டிகளுக்குச் சளி பிடிக்கும்; சவுக்குக் கழியிலோ பனஞ்சட்டத்திலோ தரைக்கு மேலே பரண் கட்ட வேண்டும். பங்குனி சித்திரையில் மலை காய்ந்துவிடும். அதற்காக வேலியோரம் அகத்தியும் வேலிமசாலும் முன்பே நட்டிருக்க வேண்டும்.

விற்பனையும் இந்த நாள்காட்டிக்குள் அடங்கும். புரட்டாசியில் பலர் கறி சாப்பிடுவதில்லை, சந்தை மந்தமாகும். தீபாவளிக்கு விலை ஏறும். தீபாவளிச் சந்தைக்கு எட்டு மாதக் குட்டி வேண்டுமென்றால் அது மாசியில் பிறக்க வேண்டும். மாசியில் பிறக்க வேண்டுமென்றால் முந்தைய புரட்டாசியில் கிடா சேர்த்திருக்க வேண்டும். அந்தக் கிடாவும் அதே மந்தையில் பிறந்ததாக இருக்கக் கூடாது. இதை ஒரு நாள் வகுப்பில் சொல்லலாம். மனதில் நிற்க வைக்க, அந்தந்த மாதத்தில் அந்தந்த வேலைக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

பயிற்சி நடக்கும் இடமும் முக்கியம். திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விழுப்புரத்தில் வங்கியின் பயிற்சி நிலையம். அறிவு அங்கே குறைவில்லை. ஆனால் வீட்டில் கைக்குழந்தையும் வயதான மாமியாரும் உள்ளவர் பத்து நாள் தங்கிப் படிக்கப் போக முடியாது. போக முடிந்தவர்களை மட்டும் சேர்த்தால் பயிற்சியின் இடமே ஒரு வடிகட்டியாகிவிடும். அதனால் பயிற்றுநர் ஊருக்கு வர வேண்டும். ‘பசு சகி’ என்ற பெயரில் கிராமத்துப் பெண்களுக்கே கால்நடைப் பராமரிப்பு கற்றுக்கொடுத்து, அவர்களைப் பக்கத்துத் தெருக்களுக்கு வழிகாட்டிகளாக்கும் முறை வாழ்வாதார இயக்கத்தில் இருக்கிறது. அது வலுப்பட வேண்டும். ராத்திரி ஆடு வயிறு உப்பிக் கிடந்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்ட பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா இருப்பதைவிடப் பெரிய பயிற்சி வேறில்லை.

தெரிந்த கைக்குத் தெரிந்த தொழில்

எல்லாருக்கும் ஆடு என்பதும், எல்லாருக்கும் தையல் என்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். ஓர் ஊரில் முப்பது பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தால் முப்பது தையற்காரர் கிடைப்பார்கள். தைக்கத் துணி கொடுக்க முப்பது தெரு வேண்டுமே!

ஏற்கெனவே கையில் இருக்கும் அறிவைத் தேடிப் போன திட்டத்துக்கு நம்மிடமே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்றபோது இருளர்களின் பிழைப்பும் நின்றது. பாம்பு பிடிக்கும் அவர்களுடைய திறமையை விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுக்கும் வேலையாக மாற்றலாம் என்று ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே யாரும் இருளருக்குப் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கணக்கு, சட்டம், சந்தை, கூட்டுறவு ஆகியவைதான் புதிதாகச் சேர்ந்தன. பயிற்சி என்பது இல்லாததைச் சேர்ப்பது; இருப்பதை மறக்கடிப்பதல்ல.

செஞ்சிக்கு இப்போது அப்படியொரு வாசல் திறந்திருக்கிறது. 2025 ஜூலை 11 அன்று மராட்டிய இராணுவ நிலவெளிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் செஞ்சி மட்டும். வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள். வழிகாட்டிகள் வேண்டும், சாப்பாட்டுக் கடைகள் வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கு வெளியே 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். எனவே வாய்ப்புகள் சிலதான், அவற்றுக்குப் போட்டி பலமாக இருக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலையின் ஒவ்வொரு பாறையையும் சுனையையும் காலால் அறிந்தவர்கள் இந்த ஊரின் ஆடு மேய்ப்பவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அவர்களுக்கு வரலாறும் இரண்டு மொழியும் கற்றுக்கொடுத்து வழிகாட்டி அட்டை கொடுப்போமா? அல்லது விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் வாங்கிப் போகட்டும் என்று விட்டுவிடுவோமா? ஆட்டுத் திட்டத்தின் கேள்வியே கோட்டை வாசலிலும் வந்து நிற்கிறது.

பெட்டிச் செய்தி: பெயர் எழுதும் முன் ஏழு கேள்விகள்

1. கூட்டத்துக்கு வராத குடும்பங்கள் எவை? அவர்கள் வீட்டுக்கு யார் போனார்கள்?
2. இந்தத் தொழிலை அவரே தேர்ந்தாரா, அல்லது திட்டத்தில் இருப்பது இதுதான் என்று ஒப்புக்கொண்டாரா?
3. வேலையைச் செய்யப்போவது யார்? பெயர் அம்மாவுக்கும் வேலை பள்ளிக்குப் போகும் மகளுக்கும் என்று ஆகிவிடுமா?
4. மேய்ச்சல், தண்ணீர், சந்தை மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றனவா?
5. முதல் வருமானம் வரும்வரை அந்த வீட்டின் சாப்பாட்டுக்கு வழி என்ன?
6. அவர் இழக்கும் கூலி நாட்களின் மதிப்பைக் கணக்கிட்டோமா?
7. ஓராண்டு முழுவதும் அவரை வந்து பார்க்கப்போகும் ஒருவரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா?

நாடாவைப் பிடித்தவர்

‘பயனாளி’ என்ற சொல்லில் நீட்டிய கை மட்டும்தான் தெரிகிறது. மேடையில் அமைச்சரோ அதிகாரியோ கயிற்றை நீட்டுவார், பெண் வாங்கிக்கொள்வார், புகைப்படம் எடுப்பார்கள். எத்தனை ஆடு கொடுத்தோம் என்பது அன்றைய கணக்கு. மூன்றாம் ஆண்டு அதே கொட்டகையில் எத்தனை ஆடு நிற்கிறது என்று போய் எண்ணுவதுதான் உண்மையான கணக்கு. அந்த எண்ணைக் கேட்டால் தேர்வும் மாறும், பயிற்சியும் மாறும்.

என்னைக் கேட்டால், ஆடு வளர்ப்புப் பயிற்சிக்குச் செஞ்சிச் சந்தையிலேயே இறுதித் தேர்வு வைப்பேன். சான்றிதழ் வேண்டாம், ஒரு தையல் நாடா போதும். ஆட்டின் நெஞ்சுச் சுற்றளவை இஞ்சில் அளந்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரையிலான உடல் நீளத்தால் மறுபடி பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய உயிர் எடை கிலோவில் வந்துவிடும். சுற்றளவு 28, நீளம் 24 என்றால் இருபத்தெட்டரை கிலோ. கண்மதிப்பிலேயே பேரம் பேசும் சந்தையில், ‘இருபத்திரண்டு கிலோதாம்மா தேறும்’ என்று தரகர் சொல்லும்போது, ‘அண்ணே, இருங்க’ என்று நாடாவை எடுத்து அளந்து காட்டும் பெண்ணை இனி யாராலும் எளிதில் ஏமாற்ற முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பக்கத்தில் செல்போனில் பெருக்கிச் சொல்லப் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை இருக்கும்.

அந்தப் பெண்ணைத் தேடி ஏரிக்கரைக் குடியிருப்புக்குப் போக ஒருவர் வேண்டும். அந்தப் பெண் சூளையிலிருந்து திரும்பும்வரை காத்திருக்க ஒரு கூட்டம் வேண்டும். முதல் குட்டி விற்கும்வரை அவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். நள்ளிரவில் தட்டினால் திறக்க ஒரு கதவு வேண்டும். இவை நான்கும் அமைந்துவிட்டால், ஒரு தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, விடியாத இருட்டில், அவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு செஞ்சிச் சந்தைக்கு வருவார். விலை பேசி முடித்து, பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டுக்குத் திரும்பும் முன் இன்னொரு வரிசைக்குப் போவார். அங்கே ஓர் இளம்பெட்டையின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்ப்பார்.